பெருங்காட்சிப்பொருள் இடமாற்றம்: தாங்கல் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப்பொருளும் வரையறைகளும்

2002 அக்டோபர் 6ஆம் நாள் மாலை, பார்வையாளர் எல்லாரும் வெளியேறிய பின், நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் ஆதாம் சிலை தரையில் விழுந்து உடைந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரச் சிற்பி துல்லியோ லொம்பார்தோ பளிங்கில் செதுக்கிய ஆளுயரச் சிலை அது. அடையாளம் காணத்தக்க பெருந்துண்டுகள் 28, சில்லுகள் நூற்றுக்கணக்கில். அன்று அதை யாரும் நகர்த்தவில்லை. சிலையைத் தாங்கிய ஒட்டுப்பலகைப் பீடம் இற்றுவிட்டது, அவ்வளவே. துண்டுகளைச் சேர்த்து அச்சிலையை மீண்டும் மக்கள் முன் நிறுத்தப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

இடமாற்றம் பற்றிய கட்டுரையை நகராத ஒரு சிலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பெரிய பொருள்களின் கேட்டுக்கு எடையும் தொலைவுமே காரணம் என்று பொதுவாகக் கருதுகிறோம். நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. பொருள் உடைவது பெரும்பாலும் அதன் தாங்கல் மாறும் கணத்தில். அக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் சொற்களை வரையறுத்துக்கொள்வோம்.

தாங்கல் என்பது, ஒரு பொருளின் எடை எந்தெந்தப் புள்ளிகள் வழியே எந்தத் திசையில் தரைக்கு இறங்குகிறதோ, அந்த ஏற்பாடு முழுவதும். பீடம், கம்பி, கயிறு, ஆணி, தரை ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

பெருங்காட்சிப்பொருள் என்பது, தூக்குவதற்கு முன்பே தாங்கலைத் தனியே வகுத்தாக வேண்டிய பொருள். அளவை இவ்வரையறையில் நாம் சேர்க்கவில்லை. இரண்டு பேர் பத்திரமாகத் தூக்கிவிடும் பெரிய பெட்டி இதில் சேராது. நான்கு பேர் தூக்கினாலும் நடுவில் முறியக்கூடிய சிறிய மரப்பலகை சேரும்.

நொய்ம்மை என்பது, ஒரு பொருள் தாங்கவல்ல விசைக்கும் இப்போது தாங்கிக்கொண்டிருக்கும் விசைக்கும் இடையே மிச்சமிருக்கும் வலுவிருப்பு குறைந்துபோன நிலை. மெல்லியதெல்லாம் நொய்யது என்றில்லை. எண்பது டன் கல்லுக்கும் இந்த இருப்பு மிகச் சிறிதாக இருக்கலாம்.

இடமாற்றம் என்பது, பொருளை ஒரு தாங்கலிலிருந்து எடுத்து, இடைத்தாங்கல்கள் சிலவற்றின் வழியே வேறொரு தாங்கலில் சேர்ப்பது. இதில் தொலைவுக்கு இடமில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். 834ஆம் ஆண்டில் புதைக்கப்பட்ட ஓசெபர்க் கப்பல் 2025 செப்டம்பரில் ஆஸ்லோவில் இடம் மாறியது. பழைய கூடத்திலிருந்து அதையொட்டி எழுப்பிய புதிய கூடத்துக்கு, நூறு மீட்டரை ஒட்டிய தொலைவுதான். அதற்கு எஃகுக் கூடு கட்டி ஒரு நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்கள். கடல் தாண்டும் சிலைக்கும் அடுத்த கூடத்துக்குப் போகும் கப்பலுக்கும் இலக்கணம் ஒன்றே.

2. உடல்வகைகள்

ஒரு பொருள் தன் எடையைத் தனக்குள் எவ்வாறு கடத்துகிறது என்பதைக் கொண்டு நான்கு உடல்வகைகளைக் கூறலாம்: ஓருடல், ஒட்டுடல், பிணையுடல், படலவுடல்.

ஓருடல் என்பது ஒரே கல்லாலோ ஒரே வார்ப்பாலோ ஆனது. கல் அமுக்கத்தை நன்கு தாங்கும்; இழுப்பைத் தாங்காது. அதன் இழுவலிமை பொதுவாக அமுக்குவலிமையில் பத்தில் ஒரு பங்களவே. ஆகவே நின்றபடி ஆயிரம் ஆண்டு இருந்த தூணைப் படுக்கவைத்து இரு முனைகளில் மட்டும் முட்டுக் கொடுத்தால், அதன் அடிப்பக்கம் இழுபட்டு நடுவில் விரிசல் விடும். கல் பழையபடியே இருக்கிறது, தாங்கல்தான் மாறியது.

ஒட்டுடல் என்பது உடைந்த துண்டுகளை இணைத்து ஆக்கிய உடல். பார்வைக்கு ஓருடலாகத் தோன்றுவதே இதன் ஆபத்து. கெய்ரோ ரயில் நிலையத்தின் முன் 1955 முதல் நின்ற இரண்டாம் ராமேசஸ் சிலை 11 மீட்டர் உயரம், 83 டன் எடை. 1820இல் மெம்பிசில் கண்டெடுத்தபோது அது ஆறு துண்டுகளாகக் கிடந்தது. வாகனப் புகையிலிருந்தும் அதிர்விலிருந்தும் அதைக் காக்க 2006 ஆகஸ்ட் 25 அன்று அங்கிருந்து அகற்றியபோது, படுக்கவைக்காமல், துண்டாக்காமல், எஃகுக் கூண்டில் நிறுத்தியபடியே கொண்டு சென்றார்கள். நின்ற நிலையில் இணைப்புகள் அமுக்கத்தில் இருக்கும். சாய்த்தால் அதே இணைப்புகள் விரியத் தொடங்கும். முன்னதாக அதே எடையுள்ள போலிச் சுமையை வைத்து அதே பாதையில் ஒத்திகை பார்த்தார்கள் என்பது நெஞ்சில் நிறுத்தத்தக்கது.

லூவர் அருங்காட்சியகத்தின் சமோத்ராஸ் வெற்றித் தேவதையும் ஒட்டுடலே. 1863இல் துண்டுகளாக அகழ்ந்தெடுத்துச் சேர்த்த அச்சிலையில் வலச்சிறகு இடச்சிறகைப் பார்த்துச் சுதையில் வார்த்தது. 1939 செப்டம்பரில், போர் மூண்ட நாள்களில், சிலையை மரச்சட்டத்தில் கட்டி, ‘தாரு’ எனப் பெயர்கொண்ட மாடிப்படிகளின் மேல் மரச்சரிவு அமைத்து, கயிற்றால் பிடித்து அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். படிபடியாகத் தூக்கி இறக்குவதைவிடச் சரிவில் வழுக்கவிடுவது மேல் என்ற முடிவு ஆழ்ந்த அறிவுடையது. தூக்கும்போது ஒவ்வொரு படியிலும் தாங்கல் மாறும். சரிவிலோ தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே தாங்கல்.

பிணையுடல் என்பது பல உறுப்புகள் மூட்டு, கயிறு, ஆப்பு முதலியவற்றால் பிணைந்து ஒன்றாக நிற்பது. மரக்கலங்களும் எலும்புக்கூடுகளும் இதில் அடங்கும். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நீலத்திமிங்கில எலும்புக்கூடு 25.2 மீட்டர் நீளம், 4.5 டன் எடை. அதை உறுப்புறுப்பாகப் பிரித்து 2017இல் நுழைவுக்கூடத்தில் மீண்டும் தொங்கவிட்டார்கள். எலும்புக்கூட்டைப் பிரிக்கலாம், அதைக் கோத்தவர் மனிதர்தாம். மரக்கலத்துக்கு அந்த விடை எல்லா நேரமும் பொருந்திவிடாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

படலவுடல் என்பது பரப்பு மிக்கதும் தடிப்பு மிகக் குறைந்ததுமான உடல்: பெரிய ஓவியத்துணி, திரைச்சீலை. தன்னளவில் நிற்கும் ஆற்றல் இதற்கில்லை. சட்டமே இதன் எலும்பு.

இந்நான்கோடு ஒரு புறநிலையையும் குறிக்க வேண்டும். சில பொருள்கள் கட்டடத்தோடு ஒன்றாகிவிடுகின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பப் பலகைகளைச் சுவரில் பதித்து வைத்தார்கள். அவ்வாறு பதித்த கல்லுக்குச் சுவரின் ஈரமும் உப்பும் சொந்தமாகிவிடும். எடுப்பதென்றால் கல்லை அறுக்கிறோமா சுவரை அறுக்கிறோமா என்ற கேள்வி எழும். பதிப்பதும் ஒரு தாங்கலே. அதிலிருந்து திரும்பி வருவதற்கு மட்டும் வழி வைக்கவில்லை.

3. கேட்டின் காரணங்கள்

முதற்காரணம் தாங்கல் மாற்றம். அதை மேலே விளக்கினோம். இரண்டாவது அதிர்ச்சி: ஒரே கணத்தில் வந்து ஓய்ந்துவிடும் விசை. மெத்தையும் மெதுவான நடையும் இதைப் பெரிதும் தணிக்கும் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

மூன்றாவது அதிர்வு. இதற்கு வாசகரின் பொறுமையைக் கேட்கிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் தானே ஆட விரும்பும் ஒரு வேகம் உண்டு. அதை இயல்பதிர்வெண் என்போம். வெளியிலிருந்து வரும் அசைவு அதே வேகத்தில் அமைந்துவிட்டால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். இது ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் வீச்சறிந்து தள்ளினால் சிறுபிள்ளையின் கையே போதும். வீச்சுக்கு மாறாகத் தள்ளினால் பெரியவர் கையும் பயன்படாது. சாலையில் ஓடும் லாரியின் உடல் விநாடிக்குச் சில முறை முதல் சில பத்து முறை வரை ஆடும். பெரிய ஓவியத்துணியின் இயல்பதிர்வெண்ணும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே விழுகிறது. எனவே குண்டும் குழியும் இல்லாத நல்ல சாலையில் போகும்போதே துணி உள்ளே பறைத்தோல் போலத் துடிக்கலாம்; பெட்டியின் வெளியே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. துணியின் பின்புறம் பலகை பொருத்திக் காற்றை அடைப்பதும், வண்டியின் ஆட்டத்தை இயல்பதிர்வெண்ணை விட்டு விலக்கி வைப்பதும் இதனாலேயே.

நான்காவது சூழற்பிறழ்வு: பொருள் பழகிப்போன வெப்பமும் ஈரப்பதமும் திடீரென மாறுதல். மரம் ஈரத்தை உண்டு வீங்கும், இழந்து சுருங்கும். இழையின் நீளவாட்டில் இந்த மாற்றம் புறக்கணிக்கத்தக்கது. குறுக்கே அது பெரிது. ஆண்டுவளையத்தை ஒட்டிய திசையில், வளையத்தைக் குறுக்கிடும் திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே பலகை இரு திசைகளில் இரு அளவில் சுருங்குவதால்தான் அது கோணுகிறது. மூட்டு இறுகிப் பிடித்திருந்தால் கோண இடமின்றிப் பிளக்கிறது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து ஈரத்தைச் சமன்படுத்துவார்கள். அது சில நாள் பயணத்துக்குப் போதும்; புதிய கூடத்தின் காற்று வேறாக இருந்தால் சிக்கல் அங்கே போய்க் காத்திருக்கும்.

ஐந்தாவது பழஞ்செப்பம்: முந்தைய தலைமுறை அன்போடு செய்த பழுதுபார்ப்பு. கல்லுக்குள் செருகிய இரும்பு முளை துருப்பிடித்துப் பருத்து உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். விலங்குப் பசை ஈரத்தில் இளகும். இவை ஏட்டில் பதிவாகாமல் போவதே பெருங்கேடு. பார்க்க முடியாத முளையைப் பாரந்தூக்கியின் கயிறு கேட்டறியாது.

4. இரு படகுகள்

மேற்கூறிய அனைத்தும் ஒரே இடத்தில் கூடிவரும் நிகழ்ச்சி ஒன்றை விரிவாக நோக்குவோம்.

1954இல் கீசாப் பெரும்பிரமிடின் தென்புறத்தில், சுண்ணாம்புக்கற்கள் மூடிய குழிகளை கமால் அல்-மல்லாக் கண்டறிந்தார். திறந்த குழியில் கூஃபு மன்னருக்கெனப் புதைத்த படகு ஒன்று, பிரித்து அடுக்கிய நிலையில், பதின்மூன்று அடுக்குகளாக இருந்தது. மொத்தம் 1,224 துண்டுகள். பெரும்பகுதி லெபனான் தேவதாரு. மூடிய குழியில் காற்றும் ஈரமும் நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மாறாதிருந்ததால் மரம் பிழைத்திருந்தது. அகமது யூசுப் முஸ்தபா என்ற செப்பனிடுநர் அதைக் கோத்து முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. ஏட்டறிவு போதாதெனக் கண்டு, நைல் கரைப் படகுத்துறைகளுக்குச் சென்று தச்சர்களோடு இருந்து கற்றவர் அவர்.

கோத்து முடித்த கலம் 43 மீட்டருக்கு மேல் நீளமுடையது. அதன் பலகைகளை அருகிலிருந்து பார்த்தால் தாங்கல் என்ற சொல்லின் பொருள் புலப்படும். பலகையின் உட்பக்கத்தில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் வளைகுழிகள் குடைந்திருக்கின்றன. கயிறு உள்ளே நுழைந்து உள்ளேயே திரும்பி வெளிவருகிறது, வெளிப்பக்கத்தைத் தொடுவதில்லை. ஒரு விலாவிலிருந்து மறு விலாவரை குறுக்காக ஓடும் இந்தக் கயிறுகளே கலத்தை ஒன்றாகப் பிடிக்கின்றன. நீரில் நனையும்போது மரம் வீங்கும், கயிறு சுருங்கும். மூட்டு தானே இறுகும். நம் கோரமண்டலக் கரையில் அலைமுறியைக் கடக்க ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும் இவ்வறிவையே கைக்கொண்டவை. தைத்த கலம் வளைந்து கொடுத்து வாழ்வது. வறண்ட கூடத்தில் நீரும் இல்லை, வளைவும் இல்லை. நீரில் அடிப்பக்கம் முழுவதையும் ஏந்திய தாங்கல் போய், சில முட்டுகளே எஞ்சின.

1982 முதல் இப்படகு குழிக்கு மேலேயே கட்டிய தனிக் கட்டடத்தில் இருந்தது. பாலைவெயிலில் அக்கட்டடத்தின் காற்றைச் சீராக வைப்பது எளிதாக அமையவில்லை. ஆகவே அருகில் எழும்பிய பெரும் எகிப்திய அருங்காட்சியகத்துக்கு மாற்ற முடிவாயிற்று. இங்கே முதன்மையான கேள்வி: பிரிப்பதா, முழுதாக எடுப்பதா? பிரித்தால் சிறு பெட்டிகளாகப் பத்திரமாகப் போகும் என்று தோன்றும். நம் கணிப்பு வேறு. 1,224 துண்டுகளின் கட்டுகளை அவிழ்ப்பது என்றால் அத்தனை மூட்டுகளிலும் தாங்கலை ஒருமுறை நீக்கி, மறுமுறை ஏற்றுவது. ஒரு பெரிய மாற்றத்தைத் தவிர்க்க ஆயிரம் சிறிய மாற்றங்களை வாங்கிக்கொள்வது அது.

முழுதாக எடுத்தார்கள். படகைச் சுற்றி உலோகக் கூண்டு எழுப்பி, கட்டடத்தைத் திறந்து, பெல்ஜியத்திலிருந்து வருவித்த தொலையியக்கி வாகனத்தின் மேல் ஏற்றினார்கள். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறியிறங்கும் அத்தகைய வாகனத்தில், சாலை சாய்ந்தாலும் மேல்தளம் சாயாது. 2021 ஆகஸ்ட் 6 இரவு புறப்பட்டு, சில கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ பத்து மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். நடந்து போகிறவர் அதை முந்திச் சென்றிருப்பார். அந்த மெதுவே அதிர்வுக்கு மருந்து.

அடுத்த குழியில் இருந்த இரண்டாம் படகின் கதை வேறு. அக்குழிக்குள் நீரும் பூச்சியும் புகுந்திருந்தன, மரம் வலுவிழந்திருந்தது. எகிப்திய-ஜப்பானியக் குழு 1,600க்கு மேற்பட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக வலுவூட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித் தாங்கல் செய்து வெளியே எடுத்தது. முழுமை என்று காப்பதற்கு அங்கே எதுவும் கோத்திருக்கவில்லை. ஒரே மன்னர், ஒரே காலம், ஒரே பிரமிடின் நிழல். ஆயினும் ஒரு கலம் முழுதாகவும் மற்றொன்று துண்டுகளாகவும் ஒரே அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. உடல்வகையும் வலுவிருப்பும் முறையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நாம் அறியோம்.

5. கட்டங்கள்

இடமாற்றப் பணி நிலைக்குறிப்பில் தொடங்குகிறது. நிலைக்குறிப்பு என்பது, நகர்த்துவதற்கு முன் பொருளின் ஒவ்வொரு விரிசலையும் ஒட்டையும் பழஞ்செப்பத்தையும் இடம், அளவு, திசையோடு எழுதிப் படம்பிடித்து வைப்பது. இக்காலத்தில் லேசர் அளவீடும் ஊடுகதிர்ப் படமும் உதவுகின்றன. ஆயினும் சாய்வொளியில் கண்ணால் பார்த்து எழுதுவதற்கு ஈடில்லை.

அடுத்தது தொட்டில். பொருளுக்கென வடித்த இடைத்தாங்கலை இச்சொல்லால் குறிக்கிறோம். நல்ல தொட்டில் பொருளைத் தூக்குவதில்லை. பொருள் ஏற்கெனவே நிற்கும் விதத்தை அப்படியே தன்மேல் வாங்கிக்கொள்கிறது. எடையைச் சிறிது சிறிதாக ஏற்றி, இடையிடையே நிறுத்தி அளந்து, முழு எடையும் மாறிய பின்னரே தரையை விட்டு எழுப்ப வேண்டும். முதல் ஒரு விரல் உயரமே பணியில் மிகக் கடினமான பகுதி. அதற்குப் பின் பத்து மீட்டர் உயர்த்துவது அவ்வளவு கடினமன்று.

பின்னர்ப் பாதை. கதவு, வளைவு, பாலம், தரையின் தாங்குதிறன் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். பெர்லின் ஹம்போல்ட் மன்றத்தில், பசிபிக் தீவான லூஃபின் பெருங்கலம் எந்தக் கதவிலும் நுழையாது என்பதால் சுவரில் ஒரு பகுதியைக் கட்டாமல் விட்டுவைத்து, 2018இல் கலத்தை உள்ளே ஏற்றிய பின் அடைத்தார்கள். ஏதென்சில் 2007இல் அக்ரோபோலிஸ் சிற்பங்களுக்குச் சாலையையே விலக்கிவிட்டார்கள். மலையிலிருந்து புதிய அருங்காட்சியகம் வரை மூன்று பாரந்தூக்கிகள் பெட்டிகளை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி இறக்கின. ரோமிலிருந்து 2005இல் எத்தியோப்பியாவுக்குத் திரும்பிய அக்சும் தூணை மூன்று பகுதிகளாக விமானத்தில் அனுப்பினார்கள். அத்தகைய பாரவிமானம் இறங்கத்தக்கதாக அக்சுமின் ஓடுபாதையை முதலில் மேம்படுத்த வேண்டியிருந்தது.

ஒத்திகை, நகர்வு ஆகியவற்றைப் பற்றி மேலே கூறியவை போதும். இறுதிக் கட்டமாகிய அமர்வைப் பற்றியே பலர் எழுதுவதில்லை. பொருள் புதிய தாங்கலில் அமர்ந்த அன்றே பணி முடிவதில்லை. 1628இல் மூழ்கி 1961இல் கடலடியிலிருந்து எழுந்த ஸ்வீடனின் வாசா போர்க்கப்பல், 1988இல் மிதவைமேல் இழுத்துவரப்பட்டு இன்றைய அருங்காட்சியகத்துக்குள் சேர்ந்தது. அதன் பிறகு அது எங்கும் செல்லவில்லை. ஆயினும் நுண்ணளவீட்டுக் கருவிகள், கப்பல் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கீழே அமிழ்வதைக் காட்டின. தொட்டிலுக்கு மாற்றாகப் புதிய தாங்கலை வடிக்க வேண்டியதாயிற்று. அசையாத கப்பலும் தன் எடையில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது.

6. நகர்த்தாமை

நகர்த்தாதிருப்பதும் ஆராய்ந்து எடுத்த முடிவாக இருக்க முடியும். பிக்காசோவின் குவெர்னிக்கா 3.49 மீட்டர் உயரமும் 7.76 மீட்டர் நீளமும் உள்ள படலவுடல். 1937க்குப் பின் இருபது ஆண்டுகளாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகச் சென்றது. ஒவ்வொரு முறையும் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி, போன இடத்தில் விரித்து ஆணியடித்தார்கள். சுருட்டும்போது துணி வளையும். காய்ந்த வண்ணப்படலம் வளையாது, வெடிக்கும். ஒவ்வொரு சுருட்டலும் தனியே பார்த்தால் சிறிய பிழை. எண்ணிக்கையே அந்த ஓவியத்தை நொய்ய உடலாக்கியது. அதை மக்கள் முன் கொண்டு சென்ற பயணங்களுக்கு உயரிய நோக்கம் இருந்தது. வண்ணப்படலம் நோக்கத்தை அறியாது. 1992 முதல் அது மாட்ரிட் ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1997இல் பில்பாவோ குக்கன்ஹைம் திறப்புக்கு, குவெர்னிக்கா ஊர் அமைந்த பாஸ்க் நாட்டுக்கே, அதை அனுப்புமாறு வேண்டியபோதும் மறுத்துவிட்டார்கள். பாஸ்க் மக்களின் மனக்குறை நமக்கு விளங்குகிறது. ஆயினும் மறுத்தது சரியே என்பது நம் முடிவு. வலுவிருப்பு தீர்ந்த உடலுக்கு இன்னொரு தாங்கல் மாற்றத்தைக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

நம் அருங்காட்சியகங்களிலும் கோயில்களிலும் தூணும் நந்தியும் செப்புத்திருமேனியும் இடம் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்பணியில் கைவைக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தப் புள்ளியில் கயிறு பிடித்தது, எங்கே முட்டுக் கொடுத்தீர்கள், உள்ளே எந்த முளை இருந்தது, எழுப்பிய கணத்தில் எங்கிருந்து ஓசை வந்தது என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். பிழை நேர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து அதே பொருளைத் தூக்கப்போகிறவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.